கோத்தகிரியில் வீடு, பெங்களூரில் பேஸ்: கமாண்டுக்காக டெல்லிக்குப் போகலாமா?

கட்டபெட்டு_வலதிருக்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏ320 விமானத்தில் ஆறு ஆண்டுகளாகக் கோ-பைலட்டாகப் பணியாற்றுகிறேன். பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்) பெங்களூர், வீடு கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கம். வயதான பெற்றோர், இரண்டு ஏக்கர் தேயிலை, உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் என எல்லாம் மலைமேல் இருப்பதால், பெங்களூரில் இன்னொரு பைலட்டுடன் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஓய்வு நாட்களில் ஊருக்கு வந்து போகிறேன்.

டெல்லி பேஸுக்குச் சம்மதிப்பவர்களை அடுத்த கமாண்ட் (கேப்டன் பதவிக்கான) பயிற்சிக் குழுவிலேயே சேர்த்துக்கொள்வதாக நிறுவனம் இப்போது அறிவித்திருக்கிறது. பெங்களூரிலேயே கேப்டன் ஆக வேண்டும் என்பவர்கள் அங்கு இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒன்றரை ஆண்டும் ஆகலாம், மூன்று ஆண்டும் ஆகலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பெங்களூரே தூரம்தான் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில் இருப்பதால், மைசூர் வழியாகக் காரில் வர நகரத்தைக் கடந்துதான் தொடங்க வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தரையிறங்கினால் பந்திப்பூர் சோதனைச் சாவடியை இரவு ஒன்பதுக்குள் பிடிக்க முடியாது. பிறகு காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். சாம்ராஜ்நகர் வழியாகத் திம்பம் இறங்கலாம் என்றால் அங்கும் இரவுத் தடை. மிஞ்சுவது ஓசூர், சேலம், பவானி, அவிநாசி, மேட்டுப்பாளையம் என்ற சுற்று வழி. ஆகவே பெரும்பாலும் கோவைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் ஏறுகிறேன். டெல்லியிலிருந்தும் கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது. அப்படியானால் உண்மையில் இழப்பது எவ்வளவு? இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெருமாள்மலை_காற்று எழுதியது:

நான் கேபின் பிரிவில் இருப்பவள், பைலட் அல்ல. ஆனால் பேஸ் சென்னை, வீடு கொடைக்கானல் என்பதால் பிழைப்பு ஒன்றுதான். மதுரையில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக ஏறுகிறேன். சென்னை பேஸுக்கு மாற்றம் கேட்டுப் பார்த்தீர்களா? உங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறதே. இரவு சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் காலையில் மேட்டுப்பாளையம். அந்தப் பயணத்தில் தூங்கவும் செய்யலாம், இடம் கிடைக்குமா என்று விமான நிலையக் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கவும் வேண்டாம்.

கட்டபெட்டு_வலதிருக்கை எழுதியது:

கேட்டிருக்கிறேன், அக்கா. சென்னை மாற்றத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

குன்னூர்_இடதிருக்கை எழுதியது:

தம்பி, பதினொரு ஆண்டுகளாக மலைக்கும் பேஸுக்கும் இடையில் அலைகிறவன் என்ற உரிமையில் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். 2025 ஜூலை 1 முதல் பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக மாறியிருக்கிறது, அதற்குள் இரண்டு உள்ளூர் இரவுகள் இருக்க வேண்டும். இது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் அந்த 48 மணி நேரம் பேஸில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நொடியிலிருந்து ஓடுகிறது, வீட்டுக் கதவைத் திறந்த நொடியிலிருந்து அல்ல. பெங்களூரிலிருந்து கோவைக்குப் பறப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமானத்துக்காகக் காத்திருப்பது, கோவையில் வெளியே வருவது, மேட்டுப்பாளையம் வழியாக ஏறுவது எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வாசல் ஆறு மணி நேரம். டெல்லியிலிருந்து பறப்பதே மூன்று மணி நேரத்தைத் தொடும் என்பதால் எட்டு அல்லது எட்டரை. போக வர என்று பார்த்தால் 48-இல் பெங்களூர்க்காரனுக்குப் பன்னிரண்டு போகிறது, டெல்லிக்காரனுக்குப் பதினாறோ பதினேழோ போகிறது. வித்தியாசம் நான்கைந்து மணி நேரம்தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டுத்தான் பலரும் டெல்லிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன்.

காகிதத்தில் வராதவை வேறு. பெங்களூர்–கோவை ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. அதுவும் போனால் ரயில் உண்டு, பஸ் உண்டு, வாடகைக் கார் உண்டு, எப்படியாவது விடிவதற்குள் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடலாம். டெல்லியில் தவறவிட்டால் மாற்று வழி கிடையாது. ரயிலில் ஏறினால் ஓய்வு முழுவதும் ரயிலிலேயே முடிந்துவிடும். ஸ்டாஃப் டிக்கெட் என்பது மிச்சமிருக்கும் இருக்கைக்கான சீட்டு. வெள்ளிக்கிழமை மாலையிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் கோவை விமானத்தில் மிச்சம் என்பதே இருக்காது. ஊட்டி மலர்க் கண்காட்சி வாரத்தில் நான் மூன்று விமானங்களுக்குப் பெயர் கொடுத்து, மூன்றிலும் இடமில்லாமல், கடைசியில் சொந்தக் காசில் முழுக் கட்டணம் கொடுத்து வந்திருக்கிறேன். அந்த மாதங்களில் மலைக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் உள்ளூர்க்காரர்களான நமக்கு வேண்டாம் என்றாலும், கல்லாறு சோதனைச் சாவடியில் அது வேண்டியவர்களின் வரிசைக்குப் பின்னால்தான் நம் காரும் நிற்கிறது.

வீட்டுக்கு வருவதை விடத் திரும்பிப் போவதுதான் பெரிய சோதனை. வரும்போது தாமதமானால் இழப்பது நம் தூக்கம். போகும்போது தாமதமானால் பணிக்கு வரத் தவறியவன் என்று பெயர். ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார்ப் பக்கம் ஒரு மரம் விழுந்தாலே அரை நாள் போய்விடும், மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் வழியில் குஞ்சப்பனை இருக்கிறது. பலாப்பழக் காலத்தில் யானை சாலையில் நின்றால் அது நகரும்வரை நாம் நகர முடியாது. அதனால் நான் பணி தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளே பேஸுக்குப் போய்விடுவேன். அப்படியென்றால் இரண்டு நாள் ஓய்வு என்பது நடைமுறையில் ஓர் இரவும் ஒரு பகலும்தான். இந்தக் கோலம் பெங்களூருக்கும் பொருந்தும், டெல்லிக்கும் பொருந்தும். நம் தொல்லையில் பாதிக்கு மேல் கோவைக்கு வடக்கே இருக்கிறது. பேஸை எங்கே மாற்றினாலும் அது மாறாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. இப்போது நீங்கள் ஒரு மூத்த கோ-பைலட். ஆறு ஆண்டுப் பணிமூப்பு இருப்பதால் கேட்ட விடுப்பில் பாதியாவது கிடைக்கும், ஸ்டேண்ட்பை குறைவாக விழும், ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுகிறவருக்கு உங்கள் பெயர் தெரியும். இடது இருக்கைக்கு, அதாவது கேப்டனாகப் போன நாளில் கேப்டன்களின் பட்டியலில் நீங்கள் கடைசி ஆள். தீபாவளிக்குப் பறப்பதும் உங்களுக்கு, மாதத்தில் அதிகமான ஸ்டேண்ட்பை நாட்களும் உங்களுக்கு. ஸ்டேண்ட்பை நாளில் கூப்பிட்ட நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால், அந்த நாட்களில் பேஸில் உள்ள அறையில் உடுப்பை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இது பெங்களூரில் கேப்டன் ஆனாலும் நடக்கும். ஆகவே டெல்லியா பெங்களூரா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, மூத்த கோ-பைலட்டாக இருக்கும் சுகத்தை எப்போது விடப் போகிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மகள் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதா, ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதா?

வெலிங்டன்_ஓய்வு எழுதியது:

விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றுச் சில காலம் பயணிகள் விமானமும் ஓட்டியவன். மேலே எழுதியவர் மணிகளைக் கணக்கிட்டார். அவை எத்தகைய மணிகள் என்பதை நான் சொல்ல விரும்புகிறேன்.

நிறுவனம் உங்களைப் பயணியாக ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அது பணி நேரத்தில் சேரும். நீங்களாக வீட்டிலிருந்து பேஸுக்கு வந்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது. விதிகளின் கண்ணில் அந்த நேரம் முழுவதும் நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் வழிகாட்டுக் குறிப்பில், வீட்டிலிருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடங்களுக்கு மேல் ஆகுமானால் பேஸுக்கு அருகில் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்வதைப் பற்றிப் பணியாளர் யோசிக்க வேண்டும் என்றிருக்கிறது. கட்டபெட்டிலிருந்து 90 நிமிடத்தில் கோவை விமான நிலையத்துக்கே போக முடியாது.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறான திசையில் கட்டுப்பாட்டை இழுத்தார் என்பதே விசாரணையின் முதன்மை முடிவு. ஆனால் கோ-பைலட் முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் மாறி மாறிப் பயணம் செய்து நியூவார்க்குக்கு வந்தவர் என்பதும், புளோரிடாவில் வீடு வைத்திருந்த கேப்டன் பணியாளர் அறையில் தூங்கியவர் என்பதும் அந்த விசாரணையில்தான் வெளிவந்தன. களைப்பு எந்த அளவுக்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு பைலட்டுகளின் பேஸ் பயணத்தைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வு நடத்தி 2011-இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

அதிகாலை விமானத்துக்கு முந்தைய நாள் நள்ளிரவில் மலையிறங்கி, காலையில் பறந்து, மதியம் காக்பிட்டில் உட்காரும் பழக்கம் எவருக்கும் வேண்டாம். கமாண்ட் எடுத்த பிறகு அந்தக் களைப்பைப் பங்கு போட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கேப்டன் இருக்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டியலில்_312 எழுதியது:

குன்னூர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஓரிடத்தில் உடன்பாடு இல்லை. பணிமூப்பை அவர் சேமிப்பு போலப் பேசுகிறார். அமெரிக்காவில் அது ஓரளவு உண்மை. சேர்ந்த நாளில் ஓர் எண் கிடைக்கும். பேஸ், விமான ரகம், மாத ரோஸ்டர், விடுப்பு எல்லாவற்றையும் அந்த எண்ணின் வரிசையில்தான் கேட்டு வாங்குவார்கள். அவர்களும் இதே இக்கட்டில்தான் இருக்கிறார்கள்: பலருக்கும் பிடிக்காத பேஸில் சீக்கிரம் கேப்டன் ஆகலாம், பிடித்த பேஸில் ஆண்டுக்கணக்கில் கோ-பைலட்டாக வலது பக்கம் உட்காரலாம். ஆனால் அங்கே விதி எழுத்தில் இருக்கிறது, சங்கம் அதைக் காக்கிறது. அப்படியும் 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது யார் யாருக்கு மேல் என்ற வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டு இழுத்தது.

நம் நாட்டில் நிலை இன்னும் தளர்வானது. பேஸ் மாற்றம் முதலில் நிறுவனத்தின் தேவை, பிறகுதான் நம் வரிசை. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்த பின், யாருக்கு எந்த விமானத்தில் பயிற்சி என்ற சண்டை தீராமல், 2012-இல் போயிங் 787 விமானப் பயிற்சியை முன்னிட்டு 58 நாள் வேலைநிறுத்தம் வரை போனது. பணிமூப்பைப் பிரித்துச் சொல்ல நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட வேண்டியிருந்தது. 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட் ஏர்வேஸ் நின்றது. இருபது ஆண்டுப் பணிமூப்பு வைத்திருந்தவருக்கும் அடுத்த நாள் அந்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது. மறுபடி வேலை தேடியபோது கேட்கப்பட்டது, இடது இருக்கையில் எத்தனை மணி நேரம் என்பது மட்டுமே.

எனவே தம்பி, பெங்களூரில் மூன்று ஆண்டு காத்திருந்தால் உங்களிடம் சேர்வது ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். டெல்லியில் மூன்று ஆண்டு இருந்தால் சேர்வது எங்கே போனாலும் கூடவே வரும் மணிநேரம். நான் டெல்லிக்குப் போகச் சொல்வேன்.

குன்னூர்_இடதிருக்கை எழுதியது:

இதில் நீங்கள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். பணிமூப்பைச் சேமிப்பாக நான் கருதவில்லை, சுகமாகத்தான் கருதினேன். ஆனால் அது எந்நேரமும் பறிபோகக்கூடிய சுகம் என்பதை எழுதாமல் விட்டது என் பிழை.

அருவங்காட்டு_வீடு எழுதியது:

நான் ஒரு பைலட்டின் மனைவி. அவருடைய கணக்குப் புத்தகத்தில் ‘வீட்டில் இருந்த நாள்’ என்று எழுதப்படும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்வார். மறுநாள் பத்து மணி வரை தூங்குவார். குழந்தை அதற்குள் பள்ளிக்குப் போயிருப்பாள். மதியம் வங்கி, மின் கட்டணம், மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. மாலையில் குழந்தை வரும்போது அவர் கைப்பேசியில் மறுநாள் கோவை விமானத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். போக வரப் பன்னிரண்டு மணி நேரமா, பதினாறு மணி நேரமா என்பது எங்களுக்கு ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் நாங்களும் பெங்களூரில் போய் இருந்தோம். அவர் வீட்டில் இருந்த நேரம் இரண்டு மடங்கானது. மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் திரும்பி வந்தோம். ஐயா, நீங்கள் எழுதிய பதிவில் மனைவி என்ன சொல்கிறார் என்ற ஒரு வரி இல்லை. கோத்தகிரியில் அவர் வேலையை விட முடியுமா, விட விருப்பமா, உங்கள் பெற்றோரைத் தேயிலை பறிக்கும் பருவத்தில் யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டீர்களா?

கட்டபெட்டு_வலதிருக்கை எழுதியது:

கேட்டேன். கேட்ட முறை சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. டெல்லிக்குப் போகட்டுமா என்றுதான் கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. நேற்று இரவு மறுபடி பேசினோம். அவர் வேலையை விடுவதாக இல்லை, நான் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டு காத்திருந்துவிட்டு, மகள் நடுநிலைப் பள்ளிக்குப் போகும் நேரத்தில் கேப்டன் பட்டியலின் கடைசியில் போய் நிற்பதை விட, இப்போதே அந்தக் கடினமான இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிடலாம் என்று அவரே சொன்னார். குன்னூர் அண்ணன் கேட்ட இரண்டாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக் கேள்வியை அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன்.

இப்போது எனக்கு இருக்கும் தயக்கம் டெல்லியின் குளிர்காலம். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் அங்கே கேட்-3 (மிகக் குறைந்த தெரிவுநிலையில் தரையிறங்கும்) பயிற்சி பெற்றவர்களைத்தான் போட வேண்டும் என்பதால் அந்த மாதங்களில் விடுப்பு கேட்பதே வீண் என்கிறார்கள். எங்கள் படுகர் பண்டிகையான ஹெத்தை ஹப்பா வருவதும் அப்போதுதான். மூடுபனியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மூடுபனியால் ஊருக்கு வர முடியாமல் போவது வேடிக்கைதான்.

பட்டியலில்_312 எழுதியது:

புதிதாகக் கமாண்ட் வாங்கியவரைக் குறைந்த தெரிவுநிலையில் உடனே இறங்க விட மாட்டார்கள். அதற்குத் தனி அனுபவமும் பயிற்சியும் வேண்டும். முதல் குளிர்காலத்தில் உங்கள் நிலை மற்றவர்களை விடச் சற்று நல்லதாகவே இருக்கலாம். இரண்டாவது குளிர்காலத்திலிருந்து பண்டிகையை மறந்துவிடுங்கள்.

குன்னூர்_இடதிருக்கை எழுதியது:

முடிவெடுத்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. கையெழுத்துக்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குத் திரும்ப விண்ணப்பிக்கும்போது உங்கள் வரிசை கமாண்ட் பெற்ற நாளிலிருந்து கணக்கிடப்படுமா, விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடப்படுமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் நான்கு ஆண்டு வடக்கே இருந்தேன். பேஸ் மாற்ற விண்ணப்பத்தைக் கமாண்ட் கிடைத்த அன்றே கொடுத்துவிடுங்கள், வசதி பார்த்துப் பிறகு கொடுக்கலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்று, 2017 முதல் உள்ள விதிப்படி கோ-பைலட் வேலையை விட ஆறு மாத முன்னறிவிப்பு, கேப்டனுக்குப் பன்னிரண்டு மாதம். பிடிக்கவில்லை என்றால் விலகிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், விலகுவதற்கே ஓராண்டு ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஒப்பந்தப் பிணை இருந்தால் அதன் தொகையையும்.

வெலிங்டன்_ஓய்வு எழுதியது:

அறையை மகிபால்பூரிலோ துவாரகாவிலோ எடுங்கள். வாடகை மிச்சம் என்று தூரமாகப் போனால் ஸ்டேண்ட்பையில் மாட்டிக்கொள்வீர்கள். மேட்டுப்பாளையத்திலும் இரவு தங்க ஓர் இடம் பார்த்து வையுங்கள். கடைசி விமானத்தில் கோவை வந்து நள்ளிரவில் குஞ்சப்பனை ஏறுவதை விட, கீழே தூங்கிவிட்டு விடியற்காலையில் ஏறுங்கள்.

கட்டபெட்டு_வலதிருக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிறுவனத்துக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன்: டெல்லிக்குச் சம்மதம், ஆனால் திரும்பும் வரிசை எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில், ஊட்டி சாலையில் இல்லாமல் கோத்தகிரி சாலை பிரியும் பக்கமாக, காரை நான்கைந்து நாள் விட்டுவைக்கவும் இடம் உள்ள அறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.